நான்காம் அணியின் காலிக் கட்டங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பக்கத்து அறையிலிருந்து மாமனார் எழுதுவது. நீங்கள் இருமுவது சுவர் வழியாகக் கேட்பதால் நலம் விசாரிக்கவில்லை, வெந்நீர் குடியுங்கள். உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாததால் இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

நீங்கள் அனிமே என்றும் நான் கார்ட்டூன் என்றும் சொல்லும், உங்கள் கம்பெனி எடுக்கும் அந்த விண்வெளித் தொடரின் போர் விமானப் பட்டியலை, மூன்று வாரத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். அணிக்குப் பத்து விமானம், முதல் எண் அணியைச் சொல்லும், அடுத்த இரண்டும் விமானத்தைச் சொல்லும், தலைவருக்கு எப்போதும் 01, வாலில் சிவப்புப் பட்டை என்று எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. நான்காம் அணியில் மட்டும் 403, 407, 408 இருக்க வேண்டிய கட்டங்கள் காலி. பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் வண்டி எண் எழுதியவன் நான். அங்கே ஒரு வண்டி போனால் மறுநாளே அதே எண்ணில் இன்னொன்று நிற்கும். வரிசையில் ஓட்டை விட்டால் மேலாளர் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். கை சும்மா இருக்குமா? உங்கள் பேனாவையே எடுத்து, உங்கள் கையெழுத்து மாதிரியே மூன்றையும் நிரப்பினேன். நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டே அதைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினீர்கள்.

நேற்று போன் ஸ்பீக்கரில் உங்கள் இயக்குநர், "செத்துப்போன பைலட்டோட நம்பரை யாருக்கும் தர்றதில்லைன்னு உனக்குத் தெரியாதாய்யா?" என்று கத்தியது சுவர் வழியாக எனக்கும் கேட்டது. வரைகிறவர்கள் பட்டியலைப் பார்த்தே வரைந்துவிட்டார்களாம். ஓடுதளத்தில் மூன்று வெற்றிடங்களைப் பார்த்துத் தளபதி கண்ணீர் விட வேண்டிய காட்சியில், மூன்று விமானமும் கழுவித் துடைத்து நிற்கின்றனவாம். அவர் எதற்கு அழுகிறார் என்றே யாருக்கும் புரியவில்லையாம். அதற்கு நீங்கள், "என் தப்புதான் சார், தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேன் போல" என்றீர்களே, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என் மகள் வந்து, "அப்பா, அவருக்கு வேலை போயிட்டா என்னப்பா பண்றது?" என்று கேட்டாள். நான் காது கேட்காதவன் மாதிரி துணி மடித்தேன். ஏற்கெனவே மடித்து வைத்த துணி.

நாளை பத்து மணிக்கு உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் அல்லவா? நானும் வருகிறேன். இயக்குநர் முன்னால் கையைக் கட்டி நின்று, "எழுதினது நான்தாங்க, தெரியாத்தனமா பண்ணிட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் நாலு திட்டு வாங்கினால் நான் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டேன்.

உங்கள் வேலையும் என் மகளின் நிம்மதியும் நிலைக்க வாழ்த்தி, வெட்கித் தலைகுனியும்
மாமனார்.

பின்குறிப்பு: தெரியாத்தனம் என்பது பொய். அதற்கு முன்பே, தினமும் நீங்கள் வேலைக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக, வெளிவந்த எல்லாப் பாகத்தையும் பார்த்துவிட்டிருந்தேன். கார்ட்டூன் பார்த்து அழுதேன் என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? 407-ஐ ஓட்டிய அந்தப் பெண், எட்டாம் பாகத்தில், சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டுப் போனாள், திரும்பவில்லை. கட்டம் ஏன் காலி என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். முதலில் எழுதியது 407. மற்ற இரண்டும் சந்தேகம் வராமல் இருக்க.