பனியன் தின்ற கார்

எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் முதல் வைத்தியம் பனியன் துணிதான். குழாய் ஒழுகினால் பனியன் துணி. விரலில் ரத்தம் வந்தால் பனியன் துணி. கதவு காற்றில் அடித்துக்கொண்டால் இடுக்கில் செருகப் பனியன் துணி. கம்பெனிக்குக் கம்பெனி வெட்டித் தள்ளிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது வேறு எதைத் தேடிப் போவது? திருப்பூர்க்காரன் ஒருவன் வீட்டிலேயே உட்கார்ந்து காருக்கு டர்போ மாட்டினால், அதிலும் எங்காவது ஒரு பனியன் துணி இருந்தே தீரும். மாட்டியவன் நான். துணியும் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வயது. வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அப்பா நிட்டிங் மிஷின்கள் போட்டிருந்தார். அவற்றைக் கழற்றி மாட்டுவது என் வேலை. (கழற்றுவதில் கெட்டிக்காரன். மாட்டிய பிறகு தரையில் நாலைந்து ஸ்குரூ மிச்சம் கிடக்கும். அதைப் பற்றி அந்தக் காலத்தில் நான் யாரிடமும் பேசியதில்லை.)

வீட்டில் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. நல்ல வண்டி, ஆனால் மூச்சு கிடையாது. ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் பக்கத்தில் வந்து நலம் விசாரித்துவிட்டு முந்திப் போவார்கள். அந்த அவமானம் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

அப்போதுதான் என் சிநேகிதன் காதர் ஒரு இரும்பு நத்தையோடு வந்து சேர்ந்தான். அவன் பஜாரில் லேத் பட்டறை வைத்திருந்தான். பொள்ளாச்சிப் பக்கம் அணை வேலை முடிந்து, மண் தள்ளும் ராட்சச இயந்திரங்களை உடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குப்பையில் பொறுக்கியது அது. வண்டி வெளியே விடும் புகை அதிலுள்ள ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதோடு சேர்ந்து சுழலும் இன்னொரு சக்கரம் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும். காற்று கூடினால் வேகம் கூடும். இதுதான் டர்போ என்று அந்த இயந்திரத்தை ஓட்டியவர் காதருக்குச் சொல்லி, காதர் எனக்குச் சொன்னான். எங்கள் இருவரின் டர்போ படிப்பு அத்தோடு முடிந்தது.

வேலையில் இறங்கினோம். காதர் கடைசல் பிடித்துக் கொடுத்தான். ஆயில் போக ஒரு செம்புக் குழாய் வளைத்தோம். புகைக் குழாயை அறுத்து, நத்தையை நடுவில் உட்கார வைத்தோம். எல்லாம் எங்கள் வீட்டு முற்றத்தில், அம்மா வடகம் காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான். அந்த வருஷத்து வடகத்தில் கிரீஸ் வாசம் அடித்ததாக இன்னமும் புகார் இருக்கிறது.

காற்று இழுக்கும் வாய்தான் கடைசிச் சிக்கல். எங்கள் பக்கத்து ரோட்டுப் புழுதி தெரியுமல்லவா? அது உள்ளே போனால் நத்தையின் சக்கரம் நாசமாகிவிடும். நான் ராத்தூக்கம் கெட்டு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். காருக்குள் புழுதி கம்மி. ஆகவே காற்றை உள்ளேயிருந்தே எடுப்பது! பெரிய தகரக் குழாய் ஒன்று செய்து, முழங்கை மாதிரி ஒரு வளைவு வைத்து, நத்தையின் வாயிலிருந்து வண்டிக்குள் கொண்டுவந்து, முன் சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு எதிரே நாதஸ்வர வாய் மாதிரி விரித்துவிட்டேன். அதன் மேல் வடிகட்டியாக நல்ல மெல்லிய பனியன் துணி, சணலால் இழுத்துக் கட்டியது.

"நாம குடிக்கிற காத்தையே அதும் குடிக்கட்டும் மாப்ளே" என்றான் காதர். எங்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தோம். முன்பு போன வேகம்கூட இல்லை. மலையைத் தள்ளும் இயந்திரத்தின் டர்போவைச் சுழற்றவே என் இன்ஜினின் மூச்சு தீர்ந்துபோனது. தெருவில் பிள்ளைகள் ஓடிவந்து வண்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்கள்.

"யானைக்குக் கட்டற மணிய ஆட்டுக்குட்டிக்குக் கட்டிட்டோம்" என்றான் காதர்.

"ஊருக்குள்ள அப்படித்தான் இருக்கும். நீளமா ஒரு ரோடு மட்டும் கெடைக்கட்டும், பாரு" என்றேன் நான்.

கிடைத்தது. என் தங்கை சரசுவின் கல்யாணம் வந்தது. எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் அருமைக்காரர் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. சீர்கள் என்று நாங்கள் சொல்லும் கல்யாணச் சடங்குகளை முன்னின்று செய்யும் உரிமையுள்ள பெரியவர் அவர். எங்களுக்கு வழக்கமாக வருகிறவர் வெள்ளகோவிலில் இருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் பொழுது சாய்வதற்குள் அவர் வந்து சீரைத் தொடங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரோ நேரங்காலத்தில் மகா கறார். அப்பா வாடகைக் கார் பேச ஆள் அனுப்பப் போனார். நான் மறித்தேன்.

"நம்ம வண்டிலயே நான் போய்க் கூட்டிட்டு வாரனுங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் காகிதம் கருகும். அப்போது சரசு வாய் திறந்தாள். "அண்ணனே போகட்டுமுங்கப்பா. எனக்கு அண்ணன் மேல நம்பிக்கை இருக்குதுங்க."

"வண்டி மேல?" என்றார் அப்பா.

அவள் மெதுவாக உள்ளே நழுவிவிட்டாள். ஆனாலும் அப்பா சம்மதித்துவிட்டார். கிளம்பும்போது கையில் மருதாணியோடு வாசல்வரை வந்து, "பொழுதுக்குள்ள வந்துருண்ணா, என்ற மானம் உன்ற கைலதான் இருக்குது" என்றாள். குடும்பத்தில் முதல் முறையாக என்னை நம்பி ஒரு காரியம் ஒப்படைத்திருக்கிறார்கள். நெஞ்சு விம்ம, மாட்டுவண்டி வேகத்தில் புறப்பட்டேன்.

வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தபோதே பிற்பகல் ஆகிவிட்டது. அருமைக்காரர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் நீளமான ஓர் உருமாலோடு காத்திருந்தார். அவர் அருமைக்காரரான அன்று அவருக்குத் தலைப்பாகையாகக் கட்டிய துணி அது. அது தோளில் இல்லாமல் எந்தக் கல்யாணத்திலும் கை வைக்க மாட்டார். முன் சீட்டில் உட்கார்ந்து குழாயைப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, ரேடியாவா?"

"காத்து எடுக்கறதுங்க சாமி. டர்போ."

"வண்டிக்கு மூச்சு முட்டுதா?" என்றார் கவலையாக.

காங்கேயம் தாண்டும்வரை உருட்டிக்கொண்டே வந்தேன். வெயில் மஞ்சளாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் கல்யாணத்துக்கு வரும் ஒரம்பரைகள், அதாவது எங்கள் சொந்தபந்தங்கள், நிறைந்த பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின் ஜன்னலில் என் மாமன் ஒருவர் தலையை நீட்டி, "தள்ளோணுமா மாப்ளே?" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

படியூர் தாண்டி ரோடு நேராக, இறக்கமாகக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மிதித்தபடியே இருந்தேன். அப்போது பானெட்டுக்கு அடியிலிருந்து மெல்லியதாக ஒரு விசில் கேட்டது. விசில் ஊளையானது. அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ பின்னாலிருந்து வண்டியை எட்டி உதைத்தார்கள்.

அய்யோ, அந்த வேகம்! புளியமரங்கள் வேலியாகிவிட்டன. பஸ்ஸை நான் தாண்டவில்லை. பஸ் பின்னோக்கிப் போய்விட்டது. மாமனின் வாய் திறந்தபடி ஜன்னலில் கடந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எத்தனையோ கார்கள் வாங்கிவிட்டேன், ஏரோப்ளேனில்கூடப் போய்விட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு எதுவும் ஈடில்லை. வடகம் காய்கிற முற்றத்தில், நானும் காதரும் எங்கள் கையால் செய்தது அது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

நிமிர்ந்த நெஞ்சுக்குப் பக்கத்தில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். குழாயின் வாயில் கட்டியிருந்த பனியன் துணியைக் காணோம்.

"கண்ணு, உங்க வண்டி பனியன் திங்குதுங்க" என்றார் அருமைக்காரர்.

"என்னுங்க?"

"இப்பத்தான் தின்னுச்சு. எங்க போச்சுன்னு பாக்கறனுங்க" என்று சொல்லி, குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். அவர் தோளில் கிடந்த உருமாலின் நுனி காற்றில் ஒரு துடி துடித்து உள்ளே போனது.

"விடுறா! விடுறா!" முதல் முறையாக அவர் வாயில் மரியாதை இல்லாத சொல் வந்தது. அது என்னை இல்லை, குழாயை. அவர் இந்தப் பக்கம் இழுக்க, டர்போ அந்தப் பக்கம் இழுக்க, நான் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிரே ரோடு முழுக்கச் செம்மறி ஆடுகள். பிரேக்கை மிதித்தேன். வேகத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்த நாங்கள் இருவரும் பிரேக்கைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்களைக் காப்பாற்றியது உருமால்தான். அது போய் வளைவில் இறுகி அடைத்ததும் இன்ஜினுக்கு மூச்சு நின்று, விக்கி, இருமி, பஞ்சுப் புகை கக்கி, வண்டி ஆட்டு மந்தைக்குள் போய்ச் சாதுவாக நின்றது. ஓர் ஆட்டுக்கும் அடியில்லை. ஆட்டுக்காரர் ஓடிவந்து, "இத்தன வேகமா வாரீங்களே, ஆரு செத்தாங்க?" என்று விசாரித்தார்.

மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினேன். (கழற்றுவதில் கெட்டிக்காரன் என்று சொன்னேனே.) உருமாலில் பாதி உள்ளே, பாதி வெளியே. எத்தனை இழுத்தும் அசையவில்லை. கத்தரிக்கோல் இருக்கிறதா என்று ஆட்டுக்காரரைக் கேட்டேன்.

"அறுக்கப்படாது கண்ணு" என்றார் அருமைக்காரர். "இத அறுத்துட்டு நான் எந்த மொகத்தோட சீர் செய்யறது?"

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற சரசுவின் முகம் ஞாபகம் வந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஒருத்திதான் என்னை நம்பினாள். அவள் கல்யாணத்தைத்தான் நான் ஆட்டு மந்தையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

நான் பின்னோக்கி அனுப்பிவைத்த அந்த பஸ் வந்து நின்றது. அருமைக்காரர் தோளில் உருமாலைப் போட்டு, அதன் நுனியில் தொங்கிய தகரக் குழாயைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினார். பின்னால் தலைகுனிந்து நான். மாமன் குழாய்க்கும் சேர்த்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கண்டக்டர் என் காதருகில் வந்து, "ஆனாலும் எங்கள முந்தினீங்க பாருங்க, அது ஜோருங்க" என்றார். அவர் நன்றாயிருக்க வேண்டும்.

பொழுது சாயும் தறுவாயில் வீட்டு வாசலில் இறங்கினோம். அருமைக்காரர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. கை கால் கழுவி, நேரே மணவறைக்குப் போய், குழாய் தொங்கத் தொங்கச் சீரைத் தொடங்கிவிட்டார். அவர் திரும்பும்போதெல்லாம் குழாய் பித்தளைச் சொம்புகளில் மோதி 'டங்' என்றது. மாப்பிள்ளையின் தாயார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சீருக்குப் பஞ்சமே கிடையாது; வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு கூடுதலாகவும் இருக்கும். அந்த அம்மாள் எழுந்து வந்தார், பயபக்தியோடு குழாய்க்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்: "இது உங்க ஊட்டு வழக்கமுங்களா சம்பந்தி?"

அப்பா குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். "ஆமாங்க. எங்க ஊட்டு வழக்கமுங்க" என்றார். பொய்யே பேசாத மனிதர், பாவம்.

குழாய்க்குக் குங்குமம் விழுந்த பிறகு சரசு தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். தோள் குலுங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்த கையோடு அப்பா ஆள் விட்டு, கார் நின்ற இடத்திலேயே அதை எடைக்குப் போட்டுவிட்டார். அதை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் வழக்கம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, அந்தத் தகரக் குழாயை எடைக்குப் போட அவரால் முடியவில்லை. தகரக் கடைக்காரரைக் கூப்பிட்டு, குழாயை வெட்டி உருமாலைச் சேதமில்லாமல் எடுத்து, வெட்டிய இடத்தை ஈயம் வைத்து ஒட்டி, சாமி ரூமில் மாட்ட வேண்டியதாயிற்று. மறு வருஷம் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம் வந்தபோது, "உங்க குழலைக் குடுத்தனுப்போணுமுங்க, அது வந்த நேரம் எங்க ஊடு நல்லாருக்குது" என்று ஆள் வந்துவிட்டது. அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் குழல் சீர் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. உலகத்திலேயே சந்தனம் குங்குமத்தோடு கும்பிடப்படும் டர்போ சாமான் என்னுடையது ஒன்றுதான் என்று நான் நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

சரசுவின் மகள் கல்யாணத்தில், இன்ஜினியரிங் படித்த புது மாப்பிள்ளை குழலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, இது காருக்குக் காத்துப் போற பைப் மாதிரியல்லங்க இருக்குது?"

இத்தனை வருஷத்தில் அதைக் கண்டுபிடித்த முதல் ஆள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. "டர்போங்க மாப்ளே! நானே என்ற கையால மாட்டினதுங்க" என்றேன், மண்டபமே கேட்கும்படி.

சரசு குழலுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஆமாங்க மாப்ளே. எங்கண்ணன் வண்டில ஊடு வந்து சேந்தது இது ஒண்ணுதானுங்க."