மேனேஜருக்கு மாலை போடப் போய் நான் அழுத கதை

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாலை வாங்கிட்டு வரணும்.

எங்க ஃபேக்டரி மேனேஜர் மஞ்சுநாத் சாருக்கு வடநாட்டுல இருக்கிற இன்னொரு பிளாண்டுக்கு மாத்தல். சாயங்காலம் வழியனுப்பு விழா. "மாலை யாருப்பா வாங்குறது?"ன்னு கேட்டதும் மொத ஆளா நான் கைய தூக்கிட்டேன்.

பாசம் இல்லீங்க. சந்தோஷம்!

சார் கெட்ட மனுஷன் இல்ல. ஆனா காலைல உள்ள நுழையும்போதே கத்திக்கிட்டுதான் நுழைவாரு. நான் குவாலிட்டில இருக்கேன். ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணா "ஏன் பண்ண?"ன்னு கத்துவாரு. பண்ணலன்னா "ஏன் பண்ணல?"ன்னு கத்துவாரு. ஓசூர் குளிருக்கு ஊரே ஸ்வெட்டர் போட்டு நடுங்கும். நாங்க மட்டும் காலங்காத்தால வேர்த்துப் போய் நிப்போம்.

இங்க என் உடம்பப் பத்தி கொஞ்சம் சொல்லணும். எனக்குக் கரப்பான் உண்டு. கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னாடி எல்லாம் வறண்டு, செவந்து, அரிச்சுத் தள்ளும். "சின்ன புள்ளைங்களுக்கு வர்றதுதான், பெரியவனானா போயிடும்"னு சொன்னாங்க. நான் பெரியவனாயி, கல்யாணமாயி, என் பொண்ணே ஸ்கூலுக்குப் போறா. இது மட்டும் போவல.

போன வாரம்தான் பாகலூர் ரோட்டு ஆஸ்பத்திரில ஒரு தோல் டாக்டரம்மாவ பார்த்தேன்.

"தும்மல் வருமா?"

"இல்ல மேடம்."

"கண்ணு அரிக்குமா?"

"இல்ல மேடம்."

"மூச்சு இளைப்பு?"

"சேச்சே!"

எல்லாமே பொய். தோலக் காட்ட வந்தவன்கிட்ட மூக்க ஏன் கேக்குறாங்க, ஒண்ணுக்கு ஆமான்னா ஒரு டெஸ்ட் எழுதுவாங்கன்னு பயம். ஒரு ட்யூப் மட்டும் வாங்கிக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து, "எனக்குத் தோலுல மட்டும்தான் பிரச்சனை ஷமீம்"னு பெருமையா சொன்னேன்.

"மொதல்ல மூக்க சிந்திட்டு வந்து சொல்லுங்க"ன்னா என் பொண்டாட்டி.

சரி, மாலைக்கு வருவோம்.

பூக்கடைக்காரரு ரோஜாவும் சாமந்தியும் வெச்சு, ஆளு கனத்துக்கு ஒரு மாலை கட்டி வெச்சிருந்தாரு. "பக்கத்து ஊரு பேரிகைத் தோட்டத்து ரோஜா சார். மூக்குகிட்ட வெச்சுப் பாருங்க"ன்னாரு.

வெச்சேன். யாராச்சும் அன்னிக்கு என்னைத் தடுத்திருக்கலாம்.

அவ்ளோ பெரிய மாலைக்குக் கடையில பை இல்ல. ஸ்கூட்டர்ல மாட்டுனா கீழ இழுக்குது. "கழுத்துல போட்டுக்கிட்டுப் போயிடுங்க சார், கசங்காது"ன்னாரு கடைக்காரரு. நானும் போட்டுக்கிட்டேன்! தலையில ஹெல்மெட், கழுத்துல ஆளுயர மாலை. இப்படி ஓசூர் டிராஃபிக்குல போறேன்.

சிக்னல்ல பக்கத்துல நின்ன மினி லாரிக்காரரு எட்டிப் பார்த்தாரு. "மாப்ள சார், பொண்ணு எங்க?"

பதில் சொல்ல வாயத் தொறந்தேன். தும்மல்தான் வந்துச்சு. ஒண்ணு, அப்புறம் அதோட சொந்தக்காரங்க எல்லாம் வரிசையா. ஹெல்மெட்டுக்குள்ள தும்முனவங்களுக்குத்தான் அந்தக் கண்றாவி புரியும். முன்னாடி கண்ணாடில ஒண்ணுமே தெரியல!

கண்ணு அரிக்க ஆரம்பிச்சுது. பூ தொட்ட கையாலயே தேய்ச்சேன். ரெண்டு கண்ணும் குலாப்ஜாமூன் கணக்கா வீங்கிடுச்சு. கழுத்து கரப்பான் வேற, "நானும் இருக்கேன்"னு எரியுது.

ஃபேக்டரி கேட்டுல செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்த்துட்டுப் பதறிட்டாரு. மாலையப் பார்க்குறாரு, என் கண்ணப் பார்க்குறாரு.

"என்ன சார், மாத்தல் உங்களுக்கா?"

ஹாலுக்குள்ள போனேன். எல்லாரும் இருந்தாங்க. சார் போற சந்தோஷத்துல சிரிச்சுடாம இருக்க எல்லாருமே ரொம்ப கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தாங்க. மைக் புடிச்சிருந்தது செல்வராசு, சாமல்பட்டிக்காரன், என் தோஸ்து. "இப்போ நம்ம ரஃபீக் அண்ணன் சாருக்கு மாலை போடுவாரு"ன்னு அறிவிச்சான்.

என் கழுத்துல இருந்த மாலையக் கழட்டி சார் கழுத்துல போட்டேன். அந்த நேரம் பார்த்து முட்டிக்கிட்டு வருது பெரிய தும்மல். சார் மூஞ்சி மேலயா தும்முறது? வாய இறுக்கி மூடி, தலைய அப்படியே அவரு தோள்ல சாய்ச்சு அடக்குனேன். உடம்பு குலுங்குது. கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது.

எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தாங்க.

சார் என் முதுகத் தடவி, அவரு கன்னடத்துல ஆரம்பிச்சாரு. "அளபேடப்பா... அழாதே ரஃபீக்."

"சார், இது... பூ..." அதுக்கு மேல பேச்சு வரல. நெஞ்சு இறுகி விசிலடிக்குது. செல்வராசு படுபாவி, மைக்கக் கொண்டாந்து என் வாய்கிட்ட வெச்சான்.

"என்னால... முடியல... சார்..."

கைதட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. பேக்கிங் செக்சன் அக்கா ஒருத்தங்க முந்தானையால கண்ணத் தொடைச்சாங்க. சார் கண்ணாடியக் கழட்டிட்டாரு. அவரு குரலே மாறிடுச்சு.

"இந்தப் பையனத்தான் நான் ஜாஸ்தி திட்டியிருக்கேன். இவன் எனக்காக அழுறான் பாருங்க. இவ்ளோ அன்பு இருக்கிற எடத்த வுட்டுட்டு நான் ஏன் போகணும்? நாளைக்கே மேல பேசுறேன். மாத்தலே வேணாம்!"

கைதட்டு பட்டுனு நின்னுச்சு.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கேசரி பரிமாறிட்டு இருந்த கேண்டீன் மாஸ்டர், என் தட்டுல போடப் போன கரண்டிய அப்படியே பின்னால இழுத்துக்கிட்டாரு. செல்வராசு மைக்க மூடிக்கிட்டு, "நீயெல்லாம் ஒரு மனுசனா?"ன்னான்.

"இல்லடா... அலர்ஜிடா..."ன்னு சொல்ல வந்தேன். "ஈ... ஈ..."ன்னு இழுப்புதான் வந்துச்சு. உதடு வெளுத்துடுச்சுன்னு யாரோ சொன்னாங்க. அப்பதான் எனக்கே பயம் வந்துச்சு.

"அழுதழுது மூச்சு அடைச்சுக்கிச்சு! கார எடு!"ன்னு சார் கத்துனாரு. சார் கார்லயே என்னை ஏத்திக்கிட்டாங்க. வழி பூரா என் கையப் புடிச்சுக்கிட்டு, "நான் போகல ரஃபீக், எங்கயும் போகல"ன்னு சொல்லிக்கிட்டே வர்றாரு. நான் வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுறேன். "தெரியும்ப்பா, போக வேணாங்குற, அதானே?"ன்னு இன்னும் இறுக்கமாப் புடிக்கிறாரு. அவரு கழுத்துல இன்னும் அந்த மாலை!

போய் எறங்குன எடம், போன வாரம் நான் போன அதே ஆஸ்பத்திரி. மூஞ்சில மாஸ்க்க மாட்டி, மருந்துப் புகைய இழுக்க வெச்சாங்க. மூச்சு கொஞ்சம் சீராச்சு. அதே டாக்டரம்மா வந்து நின்னாங்க.

"தும்மலே வராதுன்னீங்க?"

மாஸ்க்குக்குள்ள மொகத்த ஒளிச்சுக்கிட்டேன்.

"உங்க மாதிரி பெரியவங்களுக்குக் கரப்பான் இருந்தா, பல பேருக்கு மூக்கு, கண்ணு, நெஞ்சுன்னு எல்லாம் சேர்ந்துக்கும். அதுக்காகத்தான் கேட்டேன். பொய் சொன்னா நான் எப்படி மருந்து குடுக்குறது? இன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"மாலை போட்டான் மேடம்"னு சார் சொன்னாரு. "போட்டுட்டு, நான் மாத்தலாகிப் போறேன்னு தாங்க முடியாம அழுதுட்டான்."

டாக்டரம்மா என் கண்ணு எமைய விலக்கிப் பார்த்தாங்க. "இது அழுகை இல்லீங்க. அலர்ஜி."

சார் என் கைய மெதுவா விட்டாரு.

"கொஞ்சங்கூட...?"ன்னாரு சார்.

டாக்டரம்மா அத கவனிக்காம என்கிட்ட திரும்பினாங்க. "டென்ஷன் இருந்தாலும் அரிப்பு கூடும். வேலை செய்யிற எடத்துல யாராச்சும் டென்ஷன் குடுக்குறாங்களா?"

நான் சாரப் பார்த்தேன். சார் செவுத்துல இருந்த காலண்டரப் பார்த்தாரு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க. பாவம் சார், தன் கழுத்துல இருந்து மாலையக் கழட்டி, எனக்குத் தள்ளி ஒரு மூலையில வெச்சுட்டு வந்து உக்காந்தாரு. அப்புறம் முழுக்கை சட்டைய மெதுவா மேல சுருட்டி, கைய டேபிள் மேல நீட்டுனாரு.

மணிக்கட்டுல இருந்து மேல வரைக்கும் தடிச்சு, கறுத்து, நகம் பட்டுக் கோடு கோடா இருந்துச்சு.

"எனக்கும் இருக்கு மேடம். நைட்டு பூரா அரிக்கும். படுத்தா தூக்கமே கிடையாது. விடிய விடிய உக்காந்திருந்துட்டு, அப்படியே ஃபேக்டரிக்கு வந்து இவனுங்க மேல..." சொல்லி முடிக்கல.

"ஏன் சார் யார்கிட்டயும் காட்டல?"

"எல்லார் முன்னாடியும் மேனேஜர் எப்படி மேடம் சொறியிறது?"

என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்தத் தடவ பூவால இல்ல.

டாக்டரம்மா அவரையும் உக்கார வெச்சு முழுசா விசாரிச்சாங்க. சார் எதையும் மறைக்கல. ரெண்டு பேரும் மருந்துப் பையோட வெளிய வந்தோம். கார்ல ஏறும்போது சார் கேட்டாரு.

"ரஃபீக், இன்னிக்கு அழுததுல ஒரு சொட்டாச்சும் நெஜமா?"

"கடைசில கொஞ்சம் சார்."

"சரி பிடு... விடுப்பா, அது போதும்"னு சிரிச்சாரு. அவரு சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

மாத்தல அவரு நிறுத்தல. சொன்ன தேதிக்குக் கெளம்பிட்டாரு. கேண்டீன் மாஸ்டர் மறுபடி என் தட்டுல கேசரி போட ஆரம்பிச்சாரு, முந்திரியோட.

கொஞ்ச நாள் கழிச்சு ஏதோ ஸ்பேர் விஷயமா செல்வராசு அந்த பிளாண்டுக்குப் போன் பண்ணான். வெச்சுட்டு பேயறைஞ்ச மாதிரி நின்னான்.

"அங்க சொல்லிக்கினு இருக்காங்க, நம்ம சார் தங்கமான மனுசனாம். சத்தமாக் கூட பேச மாட்டாராம். இப்பல்லாம் நல்லா தூங்குறாராம்!"

இத்தனை வருஷம் நாங்க வாங்குன திட்டெல்லாம் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

எங்களுக்கும் புது மேனேஜர் வந்துட்டாரு. மொத நாளே கேட்டுல இருந்து கத்திக்கிட்டே வந்தாரு. எனக்கு மனசு எளகிடுச்சு. பாவம், இவருக்கும் என்ன கஷ்டமோன்னு தனியாப் போய், பக்குவமாக் கேட்டேன்.

"சார், நைட்டு தூக்கமெல்லாம் ஒழுங்கா வருதுங்களா? அரிப்பு, கிரிப்பு ஏதாச்சும்...?"

"எனக்கா? படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்யா! போய் வேலையப் பாரு!"

ஆக, இவருக்கு மருந்தே கிடையாது.