வகிடு எடுத்த பாலைவனம்

சிவந்த மண்ணில் அந்தப் பாதை, எண்ணெய் தடவி வகிடு எடுத்தது போல நேராகக் கிடந்தது. நொலீன் அவசரமாகத் தன் தொப்பியைக் கழற்றி அதன் மேல் போட்டாள். தொப்பி ஒரு சாண் பாதையை மறைத்தது. மீதி, மலையடிவாரம் வரை தெரிந்தது.

“என்னம்மா, தொப்பி விழுந்துடுச்சா?” என்றார் கிளைவ். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர்.

“இல்ல, காத்தாடட்டும்னு வச்சேன்.”

மெர்ரிக் மலைத்தொடரில் நொலீன் நடத்துவது ‘பாதையில்லா நடை’. பாலைவனத்தில் தடமே இல்லாத இடங்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போவாள். அந்த இயற்கைக் காப்பகத்தின் அலுவலகம் தந்த உரிமத்தில் ஒரே நிபந்தனை: அங்கே ஒற்றையடிப் பாதை உண்டானால் உரிமம் ரத்து.

நிபந்தனையில் நியாயம் உண்டு. அந்த மண்ணின் மேல் பாலேடு மாதிரி மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மணலைப் பிடித்துக் கட்டியது. ஒரு கால் பட்டால் சமாளித்துக்கொள்ளும். அதே இடத்தில் பத்துக் கால் பட்டால் கிழியும். கிழிசலில் மழைத்தண்ணீர் இறங்க, பாதை நாளடைவில் ஓடையாகிவிடும். அதனால் பாதையில்லா நடைக்காரர்கள் வரிசையாகப் போவதில்லை. மேய்கிற ஆடுகள் போலப் பரந்து போவார்கள்.

இன்று வந்த மூவரில் ஒருவர் மாறுவேடத்தில் வந்திருக்கும் அலுவலக ஆள் என்று அவளுக்கு ரகசியத் தகவல். கிளைவாக இருக்க முடியாது. அந்த வாய் ரகசிய வேலைக்கு ஆகாது. மிட்டாய் சப்பிக்கொண்டு எப்போதும் கடைசியில் வரும் தெல்மாவும் இல்லை. மிச்சம் லைல். ஆள் பேசுவதே இல்லை. அடிக்கடி குனிந்து தரையை வேறு பார்க்கிறார்.

“இது கங்காரு போட்ட தடம், ஐயா” என்றாள் லைலிடம்.

கிளைவ் குனிந்து பார்த்தார். “குதிகால்ல நட்சத்திரம் வச்ச பூட்ஸ் போட்டுக்கிட்டா?”

நொலீன் தன் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் கோடுகள். அப்படியென்றால் முன்பு வந்த வாடிக்கையாளர் யாரோ! பரந்து நடங்க என்று தொண்டை கிழியக் கத்தியும் கேட்கவில்லை, பாவிகள்.

“எல்லாரும் பாறைக்கு அந்தப் பக்கம் உக்காந்து டீ குடிங்க.” லைலுக்கு மட்டும் கேக் இரண்டு துண்டு.

“மூணு பேருல அவரு மட்டும் ஐயா, அவருக்கு மட்டும் டபுள் கேக்கா? நாங்க என்ன தவிட்டுக்கு வாங்குனதா?” என்றார் கிளைவ்.

அவள் காதில் வாங்காமல் ஒரு முல்கா மரக்கிளையை ஒடித்துப் பாதையைப் பெருக்கினாள். ஒன்றை மறந்துவிட்டாள்: மேல்மண் வெயிலில் வெளிறியது, அடிமண் பளீர்ச் சிவப்பு. பெருக்கி நிமிர்ந்தபோது அது பாதையாக இல்லை. மந்திரி வருகைக்கு விரித்த கம்பளமாக இருந்தது.

இனி அவர்கள் இந்தப் பக்கமே திரும்பக் கூடாது. ஸ்பினிபெக்ஸ் புல் மேட்டுக்குள் கூட்டிப் போனாள். அந்தப் புல்லின் ஒவ்வொரு நுனியும் ஊசி. கால்சட்டையைத் துளைத்து, தொடையில் ஒடிந்து தங்கும்.

“பரந்து நடங்க!”

“நீ வேணா பரந்து நட. நான் உன் பின்னாடியேதான் வருவேன்” என்றார் கிளைவ்.

அவள் கண்டுபிடித்த இடுக்கில் மூவரும் ரயில் பெட்டிகளாகக் கோத்துக்கொண்டார்கள். பின்னால் புத்தம்புதிதாக இன்னொரு பாதை! அதைக் காட்டாமலிருக்க அவள் வளைந்தாள், மறுபடி வளைந்தாள். மலை இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் வந்துவிட்டது. தண்ணீர்ப் புட்டிகள் லேசாகிவிட்டன.

“தொலைஞ்சுட்டோமா?” லைல் முதல்முறையாக வாய் திறந்தார்.

“பாதை இருந்தாத்தானே ஐயா தொலைய முடியும்?”

“ரோடு!” என்று அலறினார் கிளைவ். எதிரே அவளுடைய சிவப்புக் கம்பளம்.

மூவரும் அதில் விழுந்தடித்து ஓடினார்கள். பாதை அவர்களைப் பத்திரமாகப் பள்ளத்தாக்கின் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வயிறு முட்டக் குடித்தபின் நொலீன் லைலின் எதிரே போய் நின்றாள்.

“ஐயா, உரிமத்தப் புடுங்கிக்கங்க. பெருக்குனது நான்தான். ஆனா இந்தப் பாதையப் போட்டது யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

லைல் விழித்தார். “நான் பல் டாக்டர்ங்க.”

“அப்ப எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க?”

“முதுகு புடிச்சுக்கிச்சு. நிமிர முடியல.”

ஓரமாக உட்கார்ந்திருந்த தெல்மா தன் பூட்ஸைக் கழற்றி மணலைத் தட்டினாள். குதிகாலில் நட்சத்திரம்.

மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு தெல்மா சொன்னாள்:

“உன் உரிமம் எங்கயும் போகாதும்மா. அது எங்க ஆபீஸ் பாதை. யாராச்சும் இங்க பாதை போட்டுடப் போறாங்களேன்னு மாசாமாசம் எட்டுப் பேரு வரிசையா வந்து பாத்துட்டுப் போறோம்ல!”