மல்லிகைத் தேயிலைப் பேணி

குலசிங்கத்தார் ஒரு சபதம் எடுத்தார். செல் குண்டு விழட்டும், கூரை பறக்கட்டும், ஊர்காவற்றுறையை விட்டு ஓர் அடி அசையமாட்டார். சபதம் எடுத்த கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

அது லேசுப்பட்ட தேத்தண்ணி இல்லைக் கண்டீர்களோ. கப்பலில் சமையற்காரராக உலகம் சுற்றிய மனுசன், கடைசிப் பயணத்தில் சீனாவிலிருந்து கொண்டுவந்த மல்லிகைத் தேயிலை. பச்சைத் தகரப்பேணி ஒன்று நிறைய. அதற்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கப்படாது. அடியில் மீன்கண் அளவு குமிழி வந்ததும் இறக்கிவிடவேணும். முதல் தண்ணீரைக் கழுவி ஊற்றவேணும். பிறகு கண்ணை மூடி மணக்கவேணும். வாய்க்குக் கடைசியில்தான் முறை வரும். சீனத் தேத்தண்ணிக்குச் சீனி ஆகாது என்பது அவருடைய வேதம். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் பொருள்களுக்குத் தடை வந்து, சீனியும் மண்ணெண்ணெயும் இல்லாமல் ஊர்காவற்றுறைத் தீவே வாடிக் கிடந்தபோது சிரித்த முகத்தோடு திரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மனைவி பரிமளத்துக்கு அந்தப் பேணியைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். முதன்முதல் அவர் குசினிப் பக்கம் திரும்பி மல்லிகைத் தண்ணி வைக்கச் சொன்னபோது, மனுசனுக்குக் காய்ச்சலாக்கும் என்று பதறிப்போனாள். கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப்போட்டு, மல்லித்தண்ணி அவித்துக் கொண்டுவந்து அவர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மல்லிக்கும் மல்லிகைக்கும் வித்தியாசம் தெரியாத உமக்கு, பரிமளம் எண்டு பேர் வைச்சவன் ஆர்?"

சில பேர் இதற்கு உடனே பதில் கொடுப்பார்கள். பரிமளம் ஆறப்போட்டுத்தான் கொடுப்பாள்.

ஆவணியில் செல்லடி கூடியது. பக்கத்து வளவு விநாயகமூர்த்தி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபடியே செல் பட்டுச் செத்துப்போனார். பந்தல் இல்லை, பறை இல்லை. சுடலைக்குக் கொண்டுபோக ஆளும் இல்லை. வளவுக்குள்ளேயே குழி வெட்டித் தாட்டார்கள். அன்று பின்னேரம் பரிமளம் தகரப்பெட்டியை இறக்கிச் சாமான் அடுக்கத் தொடங்கினாள்.

மகள் சறோ மானிப்பாயில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். கார்த்திகையில் அவளுக்குக் கலியாணம். அட்டியல், காப்பு, சங்கிலி எல்லாம் இந்த வீட்டு அலுமாரிக்குள். அந்தப் பொன் போய்ச் சேராவிட்டால் அந்தக் கலியாணமும் இல்லை. பரிமளம் அலுமாரியைத் திறந்து நகையைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோனதைக் குலசிங்கத்தார் தன் கண்ணால் கண்டார். கண்டும், தன் சபதத்தை நினைவூட்டினார்.

"சரி, நீங்கள் இருங்கோ" என்றாள் பரிமளம். "பேணியை நான் கொண்டு போறன்."

சபதம் வாசற்படலையோடு முடிந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடியவர், ஒழுங்கை திரும்பும்போதே பேணியைத் தன் கைக்கு வாங்கிவிட்டார். கொஞ்சம் கனக்கிறதே என்றார். கடற்காற்றில் ஈரம் இழுத்திருக்கும் என்றாள் அவள். மூடியை ஒரு விரல் அளவு திறந்து மணந்து பார்த்தார். மல்லிகை. ஆகா என்றார்.

வேலணைக் கரையில் சனம் நெரிந்தது. விடியப்புறம் இன்னாசித்தம்பியின் வள்ளத்தில் ஏறிக் கடலுக்கு அப்பால் அராலிப் பக்கம் புறப்பட்டார்கள். ஏறக்கூடிய அளவுக்கு மேல் ஏறியிருந்தார்கள். பாதிக் கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு ஒரு சாமானை வைத்துக்கொண்டு மற்றதைக் கடலில் போடுங்கோ, இல்லாவிட்டால் எல்லாரும் போவோம் என்று இன்னாசித்தம்பி சொன்னான். ஒருத்தி தன் தையல் மெசினைத் தள்ளிவிட்டுச் செத்தவீட்டில் அழுகிற மாதிரி அழுதாள். பின்னால் ஊர்காவற்றுறைப் பக்கம் புகை எழும்பியது.

பரிமளம் புருசனைப் பார்த்தாள். "பெட்டியோ, பேணியோ? நீங்களே சொல்லுங்கோ."

தூரத்தில் ஹெலிச் சத்தம் கேட்டது. அவர் கைகள்தான் பதில் சொல்லின. ஒரு கை பேணியை நெஞ்சோடு அணைத்தது. மற்றக் கை பெட்டியைப் புரட்டிக் கடலில் தள்ளியது. பெட்டி சரிந்து, அமிழ்ந்து, மீன்கண் அளவு குமிழி விட்டது. அந்தக் குமிழியைக் கண்டபோதுதான் அவருக்கு நகை ஞாபகம் வந்தது.

"பரிமளம், நகை?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அராலிக் கரை வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

மானிப்பாய் வீட்டு விறாந்தை முழுக்க ஊர்ச்சனம். சறோ ஓடிவந்து அப்பா என்று கட்டிப்பிடித்தாள். அவரால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லை, குடல் தெறிக்க அழுதார். ஒரு பேணித் தேயிலைக்காகப் பெத்த பிள்ளையின் வாழ்க்கையைக் கடலில் போட்ட பாவி தான் என்றார். இந்தச் சனியனை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுங்கோ, எனக்கு ஒரு சொட்டும் வேண்டாம் என்று பேணியைப் பாயில் கவிழ்த்துக் கொட்டினார்.

முதலில் விழுந்தது ஒரு பிடி தேயிலைச் சக்கை. வடித்த பிறகு வெயிலில் காயவைத்த பழைய சக்கை. அதன் பின்னால் பழந்துணிப் பொட்டளம் ஒன்று தொப்பென்று விழுந்தது. சறோ அவிழ்த்தாள். அட்டியல், காப்பு, சங்கிலி, ஒன்றும் குறையவில்லை.

"நகை எண்டு தந்திருந்தால் பயத்திலை எங்கையாவது விட்டிருப்பியள்" என்றாள் பரிமளம். "தேயிலை எண்டால் செத்தாலும் விடமாட்டியள்."

குலசிங்கத்தார் கண்ணைத் துடைத்தார். உயிர் திரும்பி வந்தது. சக்கைக்கு ஆகா சொன்ன மூக்கை ஒருதரம் தடவிப் பார்த்தார். உயிர் வந்தால் பழக்கமும் கூடவே வரும்தானே.

"அப்ப, என்ரை தேயிலை?" என்று மெல்லக் கேட்டார்.

பரிமளம் குசினிக்குள் போய் ஆவி பறக்க ஒரு கோப்பையோடு வந்தாள். இஞ்சி மணந்தது.

"அது பெட்டியுக்கை இருந்தது. மல்லிகையிலை இருந்த கையைக் கடலிலை விட்டிட்டியள், இனி மல்லிதான் மிச்சம். குடியுங்கோ."