ஒன்பதாவது கட்டம்

எட்டாவது கட்டம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஒன்பதாவது கட்டத்தில் கம்ப்யூட்டர் விண்ணப்பம் முரண்டு பிடித்தது.

'துணைப் பேச்சாளர் கட்டாயம். அறுபது வயதைக் கடந்தவராகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருக்க வேண்டும். அவர் மேடையில் பேசப்போவதை அவருடைய சொற்களிலேயே எழுதவும். அவர் கைபேசிக்கு வரும் ஒப்புதல் எண்ணைக் கீழே இடவும்.'

பாரம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். முதியோர் பகல்நேர மையத்தின் மேற்பார்வையாளர் அவர். குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட ஒரு பாரத்தை நீட்டி நிரப்பச் சொல்வார் என்பதால் வந்த பெயர். பாரம் என்றால் சுமை என்றும் ஒரு பொருள் உண்டு என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

முதியோர், மாற்றுத்திறனாளி சேவைகளுக்கான ஆண்டு மாநாட்டில் ஒரே ஒரு அமர்வு நடத்திவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரண்டு வருடம் விண்ணப்பித்தார். இரண்டு வருடமும் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. அடுத்த வருடம் ஓய்வு. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். 'காது கொடுத்துக் கேட்போம்' என்று தலைப்பெல்லாம் பிரமாதமாக வைத்திருந்தார். மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடப்படும். இப்போது மணி மூன்றரை.

இன்னும் ஏழு மாதம் முன்னால் பிறந்திருந்தால் தன் பெயரையே துணைப் பேச்சாளராகப் போட்டிருக்கலாமே என்று ஒரு கணம் பெற்றோர் மேல் கோபம் வந்தது.

கூடத்துக்கு ஓடினார். ஜன்னலோரம் டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். முப்பது வருடம் தட்டச்சு செய்தவர், இப்போது வாக்கர் பிடித்து நடப்பவர். போகிற வழியிலேயே அவர் சார்பில் பாரம் சார் எழுதி முடித்திருந்ததை நீட்டினார்.

"ஒரு கையெழுத்து மாதிரிதாம்மா. படிச்சுட்டு நம்பர் சொல்லுங்க போதும்."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "'இம்மையத்தில் யாதொரு குறையுமின்றி மகிழ்ந்திருக்கிறேன்.' இதை நான் எப்ப சொன்னேன்?"

"பொதுவா அப்படித்தானேம்மா எழுதுவாங்க."

"நான் சொன்னது பாத்ரூம் கதவைப் பத்தி. வாக்கர் உள்ளே போக மாட்டேங்குதுன்னு ஆறு மாசமா சொல்றேன்."

"அதுக்குத்தான் ஒரு பாரம் கொடுத்தேனே?"

"நிரப்பிக் கொடுத்தேனே! என் பேரு மேடைக்கு வரணும்னா கதவும் கூட வரும். அப்புறம், 'மகிழ்ந்திருக்கிறேன்'ல ஒற்றுப்பிழை இல்லை. மத்த எல்லாத்துலயும் இருக்கு."

அந்தப் பாரம் எங்கே என்று பாரம் சாருக்குத் தெரியும். அவருடைய மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஆனால் மணி நான்காகிவிட்டதே.

அடுத்து டிரைவர் ஐயா. பார்வை போனபிறகும் வாய் போகாத மனிதர். கேட்டதற்கெல்லாம் சரி என்பவர். "தாராளமா போடுங்க சார், மேடைன்னா நமக்கு வெல்லம்" என்றார். பாரம் சார் ஓடிப்போய் அவர் எண்ணைக் கட்டத்தில் இட்டுவிட்டு வருவதற்குள் ஐயாவின் பையிலிருந்த போன் சிணுங்கி, வந்த செய்தியைத் தானே உரக்கப் படிக்க ஆரம்பித்தது. ஐயா சட்டென்று அதன் வாயைப் பொத்தினார்.

"என்ன நம்பர் வந்திருக்கு ஐயா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"போன மாசம் மோசடிக்காரங்களைப் பத்தி நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க? போனுக்கு வர்ற நம்பரை யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு?"

"அது மத்தவங்களுக்கு ஐயா. கேக்கறது நான்!"

டிரைவர் ஐயா கூடத்தின் பக்கம் திரும்பினார். "சார் கேட்டா சொல்லலாமா?"

"சாரே கேட்டாலும் சொல்லக் கூடாது!" என்று அங்கிருந்த இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்படிச் சொல்லித்தான் அன்றைக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். அவர் இத்தனை வருடத்தில் எடுத்த வகுப்புகளில் உருப்படியாக யார் மண்டையிலாவது ஏறியது அது ஒன்றுதான்.

அதற்குள் ஐயாவின் மகளுக்கு யாரோ போன் போட்டுவிட, அவள் மையத்துக்கு அழைத்து, "எங்கப்பாகிட்ட யாரு சார் நம்பர் கேக்கறது? போலீஸுக்குச் சொல்லவா?" என்று கத்தினாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டு நிமிர்ந்தபோது மணி நாலு இருபது.

அப்போதுதான் அவருக்குத் தன் அப்பாவின் நினைவு வந்தது. அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. நகரத்தின் மறுகோடியில் தனியாக இருந்தார். கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார் பாரம் சார். அப்பா அழைப்பதும், தான் 'மீட்டிங்ல இருக்கேன்' என்று வைப்பதும் ஞாபகம் வந்தது. பேசியது ஞாபகம் வரவில்லை. பாவி நான் என்று நினைத்துக்கொண்டே அப்பாவின் எண்ணைத் தட்டினார்.

முதல் மணியிலேயே எடுத்தார் அப்பா. "சொல்லுப்பா! நானே உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு..."

"அப்புறம் கேக்கறேன்ப்பா. இப்ப அவசரம். ஒரு மாநாடு. என் கூட நீங்க மேடையில பேசணும்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"உன் கூடவா?"

"ஆமாம்ப்பா. நீங்க பேசறதை நானே எழுதிட்டேன், கேளுங்க. 'என் மகன் தினமும் என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறான். அதுவே எனக்கு மருந்து.'" படிக்கப் படிக்க அவருக்கே குரல் இறங்கிப்போயிற்று. "வேணும்னா மாத்திடலாம்ப்பா."

"மாத்த வேண்டாம். நல்லாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் பாரம் சார், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அப்பாவின் எண்ணைக் கட்டத்தில் இட்டார். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. 'இந்த எண்ணுக்கு உரியவரைச் சேர்க்க இயலாது.'

"ஏம்ப்பா, கம்ப்யூட்டர் உங்களை ஏத்துக்க மாட்டேங்குதே!"

"என்ன சொல்லுது?"

"என்னவோ சேர்க்க முடியாதாம். சுத்தப் பைத்தியக்காரக் கம்ப்யூட்டர். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"பதறாதே. போனை வெச்சுட்டு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி போட்டுப் பாரு."

"கால் மணி நேரத்துல என்னப்பா மாறிடப் போகுது?"

"பாரேன்."

வேறு வழியில்லை. மேஜைக்கு முன்னால் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாலு ஐம்பத்திரண்டுக்கு மறுபடி இட்டுப் பார்த்தார். ஆச்சரியம், கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. அப்பாவை அழைத்தார். அவர் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் சொன்னார்.

"போயிடுச்சுப்பா! போயிடுச்சு! ஆமா, நீங்க ஏதோ சொல்லணும்னீங்களே?"

"இப்ப ஒண்ணும் இல்லைப்பா. நீ வேலையைப் பாரு."

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பாரம் சாருக்கு எதிலும் ரசீது வேண்டும். மாநாட்டு அலுவலகத்துக்கு போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"என் விண்ணப்பம் வந்துடுச்சாம்மா? 'காது கொடுத்துக் கேட்போம்'. துணைப் பேச்சாளர் எங்கப்பா."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மெல்ல வந்தது.

"வந்துடுச்சு சார், ஆனா ஒருத்தர் ஒரு அமர்வுலதான் பேசலாம்னு விதி, அதனால போன வாரமே நாங்க முதல் அமர்வா தேர்ந்தெடுத்திருந்த 'பேச ஆளில்லாத வீடு'ங்கற தன்னோட பேச்சை ஒரு பெரியவர் இப்பத்தான் போன் பண்ணி வாபஸ் வாங்கினார், 'என் பையன் என்கிட்ட பேசிட்டாம்மா, இனிமே அது பொய்யாயிடும்'னு சொன்னார்... அந்தப் பையன் நீங்கதானா சார்?"