மூன்றாவது அழைப்பு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது எதையாவது நீட்டினால் உடனே 'வேணாம்' என்று சொல்லிவிடுவேன். ஆசை இல்லாமல் இல்லை. ஆசை எவ்வளவு அதிகமோ, வேணாம் என்பதும் அவ்வளவு பலமாக வரும்.

இது என் தனிப்பட்ட வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காஞ்சிபுரத்துத் தெருவில் அதற்குப் பெயர் மரியாதை. "காபி சாப்புடறியாபா?" என்று கேட்டால், "இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்" என்போம். (குடித்திருக்க மாட்டோம்.) இரண்டாம் தடவை கேட்டால், "இருக்கட்டும், உங்களுக்கு எதுக்கு சிரமம்?" மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான், "இவ்ளோ சொல்றீங்களேன்னு..." என்று முனகிக்கொண்டே டம்ளரை வாங்குவோம். கல்யாணப் பந்திக்கும் இதே சட்டம். முதல் அழைப்பிலேயே இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தவனைப் பற்றி ஊரில் பத்து வருஷம் பேசுவார்கள்.

இந்தச் சட்டத்தை எங்கள் வீட்டில் காவல் காத்தவர் நைனா. (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) பெரிய காஞ்சிபுரத்தில் சின்னதாக ஒரு பட்டுப் புடவைக் கடை வைத்திருந்தார். எனக்கு இருபத்து நாலு வயது. கடையில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால் நைனாவுக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் மகள் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை சொல்லியிருந்தார்கள். அரக்கு நிறம், அகலக் கரை. அந்த வருஷம் மழை விடவே இல்லை. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டால் காய்வதற்கு வெயில் வேண்டுமே? தறிக்குழியில் வேறு தண்ணீர் ஊறிவிட்டது. ஒருவழியாகப் புடவை தறியை விட்டு இறங்கியபோது முகூர்த்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

பெண்ணின் அப்பா எங்கள் எதிர்க் கடையான அரிசி மண்டிக்கு டிரங்க் கால் போட்டார். (எங்கள் தெருவுக்கே அந்த ஒரு போன்தான்.) வெளிநாட்டிலிருந்து வந்து மெட்ராஸில் இறங்கிவிட்டுப் பம்பாய் போகிற விமானம் ஒன்று இருக்கிறது, அதில் முதல் வகுப்பில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஆளை அனுப்புங்கள் என்றார். நைனாவுக்கு விமானம் என்றால் பயம். அண்ணனுக்குக் காய்ச்சல். மிஞ்சியவன் நான்.

அக்கா வீட்டுக்காரரின் கல்யாண பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, புடவைப் பெட்டியை மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நைனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார்.

"த பாரு ஏகா, அந்தப் பொண்ணு நாளைக்குக் காலைல இந்தப் பொடவையத்தான் கட்டணும். இது போய்ச் சேரலன்னா நம்ம கடைப் பலகைய கழட்டிட வேண்டியதுதான். அப்பறம், அங்க பெரிய மனுஷங்களா இருப்பாங்க. கூப்ட ஒடனே பல்ல இளிச்சுக்கினு ஓடாத. நம்ம மானம் இருக்குது இல்ல?"

"சரி நைனா."

"மூணாவது தடவ கூப்ட்டா எழுந்திரு."

மீனம்பாக்கத்தில் டிக்கெட்டை நீட்டியதும், அதைப் பார்த்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். என்னைப் பார்த்து ஒரு ஆள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "இப்படி வாங்க சார்" என்று ஒரு கண்ணாடிக் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார்.

முதல் வகுப்புக்காரர்களும் அடிக்கடி பறக்கிறவர்களும் விமானம் வரும்வரை உட்கார்ந்திருக்கும் இடமாம் அது. லவுஞ்ச் என்று பெயர். அந்தப் பெயரெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பாவமும் புண்ணியமும் நிஜம், ஏதோ கணக்குத் தப்பி என்னைச் சொர்க்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே புழுக்கம்; உள்ளே மார்கழி. கால் வைத்தால் கணுக்கால் வரை அமுங்குகிற கம்பளம். (குனிந்து முடிச்சு எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன். யாரோ பார்க்கவே, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நடித்தேன்.) ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் விமானங்கள் நின்றுகொண்டிருந்தன. மேஜை மேல் முந்திரிப்பருப்பு ஒரு கிண்ணம் நிறைய இருந்தது, காவலுக்கு யாருமே இல்லாமல். கடிதம் எழுதத் தாளும் உறையும் வைத்திருந்தார்கள். யாருக்கு வேண்டுமானாலும் பேசிக்கொள்ள ஒரு டெலிபோன். குளிக்கிற அறை கூட இருந்தது. விமானம் ஏறுவதற்கு முன்னால் எதற்குக் குளிக்க வேண்டும் என்று புரியவில்லை. கோயிலுக்குப் போகிற மாதிரி ஏதோ ஆசாரம் போலிருக்கிறது என்று நினைத்து, நான் காலையிலேயே குளித்துவிட்டதை எண்ணி நிம்மதி அடைந்தேன்.

எல்லாவற்றையும் விட என்னை மலைக்க வைத்தது அந்த அமைதி. நாள் முழுக்கத் தறிச்சத்தம் கேட்கும் ஊர்க்காரன் நான். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள், ஒருவர் கூட உரக்கப் பேசவில்லை. நான் மூச்சைக்கூட அடக்கி அடக்கித்தான் விட்டேன்.

அங்கே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும், நல்ல களையான முகம், கட்டியிருந்தது ஆரணிப் பட்டு. (பார்த்ததும் தெரிந்துவிடும், அது தொழில் புத்தி.) அவர் என்னிடம் வந்து, "ஜூஸ் சாப்பிடறீங்களா சார்?" என்றார். ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி டம்ளர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. எனக்கு விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட இல்லை.

"வேணாங்க, இப்பதான் குடிச்சேன்."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பி வரவில்லை. அடுத்து கேக் வந்தது. 'இருக்கட்டும்' என்றேன். அதுவும் போனது. முந்திரி என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் எடுத்துக்கொள் என்று யாரும் சொல்லாமல் எப்படி எடுப்பது?

எனக்கு எதிரே கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். வாரத்துக்கு இரண்டு தடவை பம்பாய் போகிறவராம். அவர் கேட்காமலேயே சர்க்கரை இல்லாத காபி வந்தது. கேட்காமலேயே பேப்பர் வந்தது. முந்திரியை அவர் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். பார்த்தால் இவ்வளவு பெரிய மனிதர், யாரும் ஒரு தடவை கூட உபசரிக்காமலேயே கை நீட்டுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் வந்து எல்லோருடைய கைப்பெட்டிகளையும் வாங்கினார். அவற்றை முன்னாடியே கொண்டுபோய் அவரவர் இருக்கையில் வைத்துவிடுவார்களாம். நான் மஞ்சள் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, அதுல?" என்றார் கோட்டுக்காரர்.

"கூறைப் பொடவைங்க. நாளைக்கு மாட்டுங்காவுல முகூர்த்தம்."

"குடுங்க. நான் எத்தன வருஷமா போறேன், ஒரு கைக்குட்டை தொலைஞ்சதில்ல. உங்க சீட்டு என் பக்கத்து சீட்டுதான்."

மூன்று தடவை சொன்னார். அதனால் கொடுத்தேன்.

பிறகுதான் அந்த நேரம் வந்தது. ஆரணிப் பட்டு அம்மா ஒவ்வொருவரிடமாகப் போய்க் குனிந்து மெல்லச் சொன்னார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். என்னிடம் வந்து, "விமானம் தயாரா இருக்கு சார், போகலாங்களா?" என்றார்.

இப்போது நினைத்தாலும் அந்த இருபத்து நாலு வயதுக்காரனைத் தலையில் குட்டத் தோன்றுகிறது. அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"பெரியவங்கள்லாம் மொதல்ல போகட்டுங்க."

அந்த அம்மாவுக்கு என் அடக்கம் பிடித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு மறுபடி வந்தார். "சார், நீங்க?"

"நீங்க போய் மத்த வேலையப் பாருங்கம்மா. நான் மெதுவா வரேன்."

"சரிங்க சார்."

முதல் வகுப்பு ஆட்களை அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாதாம். அவர்கள் சொன்னால் அது சட்டம். இந்த விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு ஆகிவிட்டது, இனி ஒன்றுதான் பாக்கி என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். நைனா பார்த்தால் பெருமைப்படுவார் என்று கூட நினைத்தேன்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் நகர்ந்தது. எழுந்து ஓடிப் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து அடித்த வெயிலில் பளபளத்துக்கொண்டு அது மெல்லத் திரும்பி, ஓடி, தரையை விட்டு எழும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய இரும்பு எப்படி எழும்புகிறது? கையெடுத்துக் கும்பிட்டேன். நிஜமாகவே கும்பிட்டேன்.

"சார், நீங்க போகலையா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. ஆரணிப் பட்டு அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "அது உங்க விமானம் சார்."

எனக்குக் காலுக்குக் கீழே இருந்த கம்பளம் நழுவியது.

"நீங்க மூணாவது தடவ கூப்டலீங்களே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எந்த ஊர் சார் நீங்க?" என்றார். சொன்னேன். "அதான்" என்றார். "எங்கம்மாவுக்கும் உங்க பக்கந்தான், அய்யங்கார்குளம்."

பெட்டி என் இருக்கையில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் கீழே இருந்தேன். அந்த அம்மா ஓடி ஓடிப் போன் பண்ணினார். பம்பாய் ஏர்போர்ட்டுக்குச் செய்தி சொல்லியாகிவிட்டது, கோட்டுக்காரர் இறங்கியதும் பெண் வீட்டாரிடம் கொடுத்துவிடுவார், கவலைப்படாதீர்கள் என்றார். நான் கவலைப்பட்டேன். அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா ஒரு டம்ளர் ஜூஸைக் கையில் திணித்து, "கேக்கல, குடிங்க" என்றார். கிளம்பும்போது விமானத்தில் கொடுக்கிற சின்னப் பை ஒன்றையும் கொடுத்தார்: ஒரு சோப்பு, ஒரு சீப்பு, ஒரு வாசனைத் தண்ணீர்க் குப்பி, ஒரு ஜோடி காலுறை.

தாம்பரம் வந்து பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்தில் இறங்கியபோது பிற்பகல் மூன்றரை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்: நைனா, தப்பு நடந்துடுச்சு. ஆனால் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாபா ஏகா, அதுக்குள்ள பம்பாய் போய்ட்டு வந்துட்டியா?"

நான் பொய் சொல்லவில்லை. 'ம்' என்றேன்.

அவ்வளவுதான். தெருவே கூடிவிட்டது. தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். காலையில் போய், பம்பாயில் புடவையைக் கொடுத்துவிட்டு, மூணரைக்குத் திரும்பிய மனிதனை எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். பையைத் திறந்தேன். வாசனைத் தண்ணீரை ஆளுக்கு ஒரு சொட்டு விரலில் தொட்டு முகர்ந்தார்கள். அக்கா காலுறையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நைனா மட்டும் எதுவும் கேட்காமல், கல்லாவில் உட்கார்ந்தபடி என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அரிசி மண்டிக்காரர் கத்தினார்: "பம்பாய் போன்."

நைனா போனார். பின்னால் தெரு போனது. கடைசியாக நான்.

"ஆமாங்க... வந்துடுச்சா... கரை புடிச்சிருக்குதா பொண்ணுக்கு? கண்ணுல ஒத்திக்கிச்சா? சந்தோஷங்க." எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த வாக்கியத்தில் போய்விட்டது. "பையனா? எந்தப் பையன்? ஏர்போர்ட்டுல தேடினீங்களா..."

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"பையன் இங்கதாங்க இருக்கான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

தெரு முழுக்க நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். ஜூஸ், கேக், பெரியவங்க மொதல்ல போகட்டும், எல்லாம். யாரும் சிரிக்கவில்லை, நைனா என்ன செய்வார் என்று காத்திருந்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"மூணாவது தடவ கூப்டல?"

"கூப்டல நைனா."

"அப்ப நீ செஞ்சது சரிதான். ஆளைக் கூப்டத் தெரியாதவங்கல்லாம் ஏம்பா ஏரோப்ளேன் ஓட்றாங்க?"

அதற்கப்புறம் தெரு சிரித்தது பாருங்கள், ஏகாம்பரநாதர் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு அம்மா சாப்பிட ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் மணையில் உட்கார்ந்துவிட்டேன்.

சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் இன்றைக்கும் பந்திக்கு என்னைக் கூப்பிட ஒரு ஆள் தனியாக வருவான். கைகட்டிக் குனிந்து, "விமானம் தயாரா இருக்கு சார்" என்பான். குழந்தைகளுக்குக்கூட இந்தக் கதை தெரியும்.

போன மாதம் பூனாவில் இருக்கும் மகள் டிக்கெட் அனுப்பினாள். அவளிடம் ஏதோ கார்டு இருக்கிறது, அதன் கணக்கில் எங்களை லவுஞ்சில் உட்கார வைத்தார்கள். பழைய மலைப்பு அப்படியே திரும்பி வந்தது. மறுபடி கம்பளத்தில் முடிச்சு எண்ண ஆரம்பித்தேன். பக்கத்தில் என் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"வாங்க. வாங்க. வாங்க" என்றாள். "மூணு ஆச்சு. எழுந்திரிங்க."

எழுந்துவிட்டேன்.