சொத்தைப் பல் இல்லாத ஆபீஸ்

செந்துறையில் இருந்த அந்த அரசு ஆபீஸ், மாவட்டத்திலேயே சொத்தைப் பல் இல்லாத முதல் ஆபீஸ் என்று திங்கட்கிழமை சான்றிதழ் வாங்கியது. ஆய்வுக்கு வந்தவர்கள் யார் வாயையும் திறந்து பார்க்கவில்லை. 'இனிப்பைக் குறைத்துக்கொண்டேன், பற்கள் நலம்' என்று ஊழியர்கள் எழுதிக் கொடுத்த படிவங்களைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெருமையைக் கொண்டாட ஆளுக்கு இரண்டு ஜாங்கிரி கொடுக்கப்பட்டது.

இரண்டாவது ஜாங்கிரியில்தான் இளநிலை உதவியாளர் அமிர்தவல்லிக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. இரண்டு நாள் கிராம்பை அடக்கிக்கொண்டு சமாளித்தாள். மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, உயிர் போகிற வலி. பல்லைப் பிடுங்கினால்தான் பிழைப்பாள். லீவு கடிதத்தோடு அலுவலர் அருள்முருகன் முன்னால் போய் நின்றாள்.

"பல் வலியா? நம்ம ஆபீஸ்ல ஏதும்மா பல் வலி?"

"என் வாயில சார்."

"உங்க வாய் ஆபீஸ்லதானே இருக்கு. இதுக்கு நான் லீவு கொடுத்தா சான்றிதழ் பொய்யாயிடும்ல?"

"எப்படி வீங்கியிருக்கு பாருங்க சார்."

"மேற்படி வீக்கம் என் பார்வைக்கு வரலை" என்று அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேற காரணம் எழுதுங்க. வூட்டுல யாராவது தவறிட்டா நான் தடுக்கவா முடியும்?"

ஜெயங்கொண்டத்தில் அவளுக்கு ஒரு பெரியப்பா இருந்தார். தங்கமான மனுஷன், பாவம். கண்ணீரோடு அவரைச் சாகடித்து எழுதிக் கொடுத்தாள். கண்ணீர் பல் வலியால் வந்தது, கடிதத்துக்கும் உதவியது.

மறுநாள் காலை அரியலூர்ப் பல் டாக்டரிடம் போனால், பெஞ்சு முழுக்க அவள் ஆபீஸ் ஆட்கள். டைப்பிஸ்ட் ஜெயலட்சுமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "என் மாமியார்" என்றாள். டிரைவர் சுரேஷ்குமார், "எனக்கு மச்சான்" என்றான். ஒருவருக்கொருவர் முறைப்படி துக்கம் விசாரித்துக்கொண்டார்கள்.

அப்போது டாக்டர் அறையிலிருந்து, வாயில் பஞ்சோடு அருள்முருகன் வெளியே வந்தார். அவருக்குச் சித்தப்பா.

ஆபீஸே கூடியிருப்பதைப் பார்த்து அவர் அங்கேயே கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். பேச முடியாததால் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: 'பல் வலி: இல்லை. உறவினர் இறப்பு: ஒரே நாளில் ஏழு. மிகவும் கவலைக்குரியது. அடுத்த வாரம் உறவினர் நலப் பாதுகாப்பு விழா. இனிப்பு ஏற்பாடு: அமிர்தவல்லி.'

எல்லோரும் தலையாட்டினார்கள்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அமிர்தவல்லி வெளியே வந்தாள். என்ன நிம்மதி! பஸ் ஸ்டாண்டு பக்கத்து மிட்டாய்க் கடையில் நின்று, பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"லட்டு, ஆளுக்கு ரெண்டு. சர்க்கரை நல்லாப் போடுங்க. போன தடவை ஜாங்கிரியில இனிப்பே பத்தலைன்னு எல்லாரும் குறைபட்டுக்கிட்டாங்க."

"ருசி பாருங்கம்மா" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார்.

அவள் வாங்கி இடது பக்கம் தள்ளி மென்றாள். அந்தப் பக்கம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது.